போர்ப் பலகை ஆட்டத்தை ஒரே பிற்பகலில் ஆடி முடிப்பது எப்படி

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூடி இரவு எட்டு மணிக்குக் கலைகிற பலகை ஆட்டக் குழுக்களில், போர் ஆட்டம் கொண்டு வருபவரைக் கண்டால் மற்றவர்கள் மெல்ல வேறு மேசைக்கு நகர்வதுண்டு. போர் என்ற பொருளின் மேல் அவர்களுக்கு வெறுப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரிய பெட்டியைத் திறந்து ஒன்றரை மணி நேரம் காய்களை அடுக்கி, விதிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக உரக்கப் படித்து, முதல் குண்டு வெடிப்பதற்குள் பக்கத்து மேசையில் மூன்று ஆட்டங்கள் முடிந்துவிட்டிருக்க, யார் வென்றார் என்றே தெரியாமல் எல்லாவற்றையும் வாரிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு கிளம்புகிற அந்த மனிதரைப் பார்த்துத்தான் நகர்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த மனிதர் நான்தான். என் எதிரில் அன்று உட்கார்ந்த நண்பர் மிகுந்த மரியாதையோடு ஐந்து மணி நேரம் பொறுத்திருந்துவிட்டு, அதன்பின் ஓராண்டு காலம் என் மேசைப் பக்கமே வரவில்லை.

அதன்பிறகு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு சினாரியோவை ஒரே சந்திப்பில் இரண்டு முறை, பக்கம் மாற்றி ஆடி முடிக்க முடியாது என்று தெரிந்தால் அந்தப் பெட்டியை அன்று வீட்டிலேயே விட்டுவிடுவது. சினாரியோ என்பது பெட்டியோடு வரும் தனித்தனிப் போர்க்களக் குறிப்பு. எந்தப் படை எங்கே நிற்க வேண்டும், யாருக்கு என்ன இலக்கு, யார் முதலில் நகர வேண்டும் என்பவை அதில் இருக்கும். இந்தக் குறிப்புகளில் இரு தரப்பும் பெரும்பாலும் சமமாக இருப்பதில்லை, வரலாற்றிலும் இருந்ததில்லை. ஆடு புலி ஆட்டம் ஆடி வளர்ந்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. மூன்று புலிகளை எடுத்தவர் பதினைந்து ஆடுகளை எடுத்தவரைவிடத் திறமைசாலியா என்பதை ஒரு முறை ஆடிப் பார்த்துச் சொல்ல முடியாது. இடம் மாறி உட்கார்ந்து மறுபடியும் ஆடினால்தான் தெரியும். போர் ஆட்டத்திலும் அப்படித்தான். கீழே சொல்லப்போகும் முறைகள் எல்லாம் அந்த இரண்டாவது ஆட்டத்துக்கு நேரம் மிச்சப்படுத்துவதற்காகவே உருவானவை.

எதைக் கொண்டு போவது

போர் ஆட்டங்களில் ஒரு நாட்டின் மொத்தப் போரையும் காட்டுபவை உண்டு. ஒரு தெருவையோ ஒரு பாலத்தையோ பிடிக்க நடக்கும் அரை மணி நேரச் சண்டையைக் காட்டுபவையும் உண்டு. வார இறுதிக்கு இரண்டாவது வகைதான் பொருத்தம். அவற்றிலும் முதன்முறை ஆடுபவருக்கு நான் எடுத்துச் செல்வது ரிச்சர்ட் போர்க் வடிவமைத்த 'மெமாயர் 44'. இரண்டாம் உலகப்போரில் நடந்த நார்மண்டித் தரையிறக்கத்தின் 60ஆம் ஆண்டான 2004இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில் குறுக்கே 13, நெடுக்கே 9 அறுகோணக் கட்டங்கள் கொண்ட ஒரு பலகையும், இரு தரப்புக்கும் சிறிய நெகிழிப் படைகளும், 60 கட்டளை அட்டைகளும் இருக்கின்றன. ஒரு சினாரியோ முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதே இதன் பெரிய பலம். 2019இல் வந்த 'அன்டான்டட்: நார்மண்டி'யும் இதே அளவுக்கு எளியது, அது ஆட ஆட அட்டைகளைச் சேர்த்துத் தன் கையிருப்பைப் பெருக்கிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது என்பதால், அத்தகைய ஆட்டங்களில் பழகியவர்கள் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். விதிகள் நிறைந்த ஆட்டங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இனி நான் தரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மெமாயர் 44இலிருந்து வருபவை.

புதியவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சதுரங்கப் பலகை போலச் சதுரக் கட்டம் போடாமல் ஏன் அறுகோணம்? சதுரத்தில் பக்கவாட்டில் ஒரு கட்டம் நகர்வதைவிட மூலைக்கு மூலை நகரும்போது கிட்டத்தட்ட 1.4 மடங்கு தூரம் கடக்கிறோம். அறுகோணத்தில் சுற்றியுள்ள ஆறு கட்டங்களின் மையங்களும் ஒரே தூரத்தில் இருப்பதால், நகர்வையும் சுடும் தூரத்தையும் கட்டங்களை எண்ணியே சொல்லிவிடலாம். 1954இல் இந்தத் துறையின் முதல் வணிக வெளியீடாகிய 'டாக்டிக்ஸ்' ஆட்டத்தை உருவாக்கிய சார்லஸ் ராபர்ட்ஸ், சதுரத்தில்தான் தொடங்கினார். அவர் நிறுவிய அவலான் ஹில் 1961இல் அறுகோணத்துக்கு மாறியது; அதன்பின் இந்தத் துறையே பெரும்பாலும் அதன் பின்னால் போய்விட்டது.

முந்தைய இரவு

மேசையில் செய்யும் ஏற்பாட்டைவிட வீட்டில் செய்யும் ஏற்பாடு முக்கியம். மெமாயர் 44இல் காடு, ஊர், குன்று, ஆறு, வேலி ஆகியவை தனித்தனி அறுகோண அட்டைத் துண்டுகளாக வருகின்றன. அவை ஒன்றாகக் கலந்து கிடந்தால் ஒரு களத்தை அமைக்க இருபத்தைந்து நிமிடம் ஓடிவிடும். அதனால் ஆடப்போகும் சினாரியோவை முந்தைய இரவே முடிவு செய்து, அதற்கு வேண்டிய நிலத்துண்டுகளை மட்டும் எண்ணி ஒரு ஜிப் பையில் தனியாகப் போட்டு, இரு படைகளுக்கும் வேண்டிய காய்களை வேறு இரண்டு பைகளில் போட்டுவிடுங்கள். இவ்வளவு செய்தால் மேசையில் ஆறேழு நிமிடத்தில் களம் தயாராகிவிடும். சினாரியோ வரைபடத்தைப் பெரிதாக்கி ஒரு படி எடுத்துக்கொண்டால், எதிரில் உட்காருபவரும் தன் பக்கத்தை அடுக்கலாம். அடுக்கும்போதே அவர் களத்தைக் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிடுகிறார் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் நன்மை.

நம் ஊர் வீடுகளில் மின்விசிறி ஒரு தனிப் பிரச்சினை. நெகிழிக் காய்களை அது ஒன்றும் செய்யாது. ஆனால் அரை அங்குல அட்டைச் சில்லுகளை வைத்து ஆடும் ஆட்டங்களில், யாரோ ஒருவர் விசிறியை ஐந்தில் வைத்ததும் ஒரு பட்டாலியனே பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும். மேசையை விசிறிக்கு நேர் கீழே போடாமல் சற்றுத் தள்ளிப் போடுவதும், சில்லுகளை எடுத்து வைக்க ஒரு சாமணம் வைத்துக்கொள்வதும் நல்லது. பகடை உருட்ட ஓர் எவர்சில்வர் தட்டு போதும், ஆனால் அதில் கைக்குட்டை ஒன்றை விரித்துவிடுங்கள். எட்டுப் பகடைகள் வெறும் தட்டில் விழும் சத்தத்தைப் பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு மணி நேரம் பொறுக்க மாட்டார்கள். தேநீருக்கு ஆட்ட மேசையில் இடமில்லை. அதற்கு ஒரு முக்காலி போடுங்கள்.

பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுப்பது

விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே தோற்றீர்கள். புதியவருக்கு முதலில் தெரிய வேண்டியது வெற்றி எப்படி வருகிறது என்பது. எப்படி நகர்வது என்பது அதற்குப் பிறகு. 'எதிரியின் ஒரு படைப்பிரிவை முழுதாக அழித்தால் ஒரு பதக்கம், குறிப்பிட்ட இடத்தைப் பிடித்தாலும் ஒரு பதக்கம், இன்று நான்கு பதக்கம் எடுப்பவர் வெற்றி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அதைக் கேட்டவுடன் அவருடைய கண் பலகையில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு தானாகவே அலையத் தொடங்கும்.

அடுத்து ஒரு முறையின் நடை, அதாவது ஒருவர் தன் வாய்ப்பு வரும்போது வரிசையாகச் செய்பவை. கையிலிருந்து ஓர் அட்டையைப் போடுவது, அந்த அட்டை அனுமதிக்கும் பிரிவுகளைத் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்த எல்லாவற்றையும் நகர்த்துவது, பிறகு ஒவ்வொன்றாகச் சண்டையிடுவது, கடைசியில் புதிய அட்டை ஒன்று எடுப்பது. பலகை இடது, நடு, வலது என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான அட்டைகள் 'வலப்பக்கத்தில் இரண்டு பிரிவு' என்பது போல ஒரு பகுதிக்கு மட்டுமே கட்டளை தரும். நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில் படையை அசைக்க முடியாது என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். இதைக் குறையாக நினைத்துப் புதியவர் முகம் சுளித்தால், கம்பியில்லாத் தந்தி பழுதாகி, ஆணை போய்ச் சேராமல், ஒரு பக்கம் முழுவதும் கையைப் பிசைந்துகொண்டு நின்ற உண்மையான போர்க்களங்களை நினைவூட்டுங்கள்.

மூன்று வகைப் படைகளைச் சொல்ல மூன்று வாக்கியங்கள் போதும். காலாட்படையில் நான்கு வீரர்கள். ஒரு கட்டம் நகர்ந்து சுடலாம் அல்லது சுடாமல் இரண்டு கட்டம் நகரலாம். பக்கத்துக் கட்டத்துக்கு மூன்று பகடை, இரண்டாம் கட்டத்துக்கு இரண்டு, மூன்றாம் கட்டத்துக்கு ஒன்று. டாங்கிப் பிரிவில் மூன்று டாங்கிகள். மூன்று கட்டம் வரை நகர்ந்து, மூன்று கட்டத் தூரம் வரை எங்கும் மூன்று பகடையோடு சுடும். பீரங்கிப் பிரிவில் இரண்டே காய்கள். நகர்ந்தால் சுடாது, சுட்டால் நகராது, ஆனால் ஆறு கட்டம் வரை எட்டும், எதிரியைக் கண்ணால் பார்க்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. நிலங்களில் அன்றைய களத்தில் இருப்பவற்றை மட்டும் சொல்லுங்கள். பதுங்கு குழி அன்றைய களத்தில் இல்லையென்றால் அப்படி ஒன்று இருப்பதே புதியவருக்குத் தெரிய வேண்டாம்.

முதல் சினாரியோவாகப் பெட்டியிலேயே முதலில் இருக்கும் பெகாசஸ் பாலத்தையே எடுங்கள். 1944 ஜூன் 5 இரவு நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், மேஜர் ஜான் ஹவர்டு தலைமையிலான பிரிட்டிஷ் வீரர்கள் இயந்திரமில்லாக் கிளைடர்களில் வந்து, பெனூவில் என்ற ஊருக்கு அருகே கான் கால்வாய்ப் பாலத்தின் பக்கத்திலேயே இறங்கி, எதிரி சுதாரிப்பதற்குள் அதைப் பிடித்தார்கள். அவர்களுடைய தோள் சின்னத்தில் இருந்த சிறகுள்ள குதிரையின் பெயரே பின்னாளில் அந்தப் பாலத்துக்கு வைக்கப்பட்டது. இந்தக் கதையைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது; ஆனால் பிரிட்டிஷ் தரப்பின் கையில் நிறைய அட்டைகளும் ஜெர்மானியத் தரப்பின் கையில் கொஞ்சம் அட்டைகளும் ஏன் கொடுக்கப்படுகின்றன என்பதை வேறு எந்த விளக்கமும் இவ்வளவு எளிதாகப் புரிய வைக்காது. முதல் ஆட்டத்தில் புதியவருக்குப் பிரிட்டிஷ் தரப்பைக் கொடுங்கள். வலுவான பக்கத்தில் இருந்து தொடங்குபவர் இரண்டாவது ஆட்டத்துக்கும் உட்காருவார்.

களத்தில்

புதியவர் செய்யும் முதல் தவறு, எந்த அட்டை அதிகப் பிரிவுகளை அசைக்கிறதோ அதை உடனே போடுவது. இடப்பக்கம் மூன்று பிரிவு என்ற அட்டையைப் போட்டு இடப்பக்கப் படையை முன்னே தள்ளிவிட்டு, அடுத்த முறை கையில் இடப்பக்க அட்டை ஒன்றுகூட இல்லாமல், முன்னே போன படை வெட்டவெளியில் நின்று அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அட்டையைப் போடுவதற்கு முன் அதே பகுதிக்கு இன்னோர் அட்டை கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே பகுதிக்கு இரண்டு மூன்று அட்டைகள் சேரும்வரை, சின்ன அட்டைகளைப் போட்டு மற்ற இடங்களில் படைகளை மறைவுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பது வீண் பொழுதல்ல. பொறுமையில்லாதவர்கள்தான் அதை வீண் பொழுது என்பார்கள்.

பகடைக் கணக்கைத் தெரிந்துகொண்டவருக்குப் பாதி ஆட்டம் கைக்கு வந்துவிடும். பகடையின் ஆறு முகங்களில் காலாட்படை இரண்டிலும், டாங்கி, கையெறி குண்டு, கொடி, நட்சத்திரம் ஆகியவை ஒவ்வொன்றிலும் இருக்கின்றன. கையெறி குண்டு யாரையும் தாக்கும். ஆகவே ஒரு பகடை காலாட்படையைத் தாக்க இரண்டுக்கு ஒன்று, டாங்கியைத் தாக்க மூன்றுக்கு ஒன்று, பீரங்கியைத் தாக்க ஆறுக்கு ஒன்று என்பது வாய்ப்பு. பக்கத்துக் கட்டத்திலிருந்து மூன்று பகடையோடு வெட்டவெளியில் நிற்கும் காலாட்படையைச் சுட்டால் சராசரியாக ஒன்றரை வீரர் விழுவர். அதே படை காட்டுக்குள் நின்றால் ஒரு பகடை குறைந்து சராசரி ஒன்றாகிவிடும். டாங்கி காட்டையோ ஊரையோ தாக்கும்போது இரண்டு பகடைகளை இழந்து ஒன்றே மிஞ்சுவதால் சராசரி அரை வீரர்தான். ஊருக்குள் பதுங்கிய காலாட்படையை டாங்கியால் விரட்டப் பார்ப்பவர் பதக்கத்தையும் இழப்பார், நேரத்தையும் இழப்பார். மூன்று கட்டத் தொலைவிலிருந்து காட்டுக்குள் இருப்பவரைக் காலாட்படை சுடவே முடியாது. ஒரு பகடையில் ஒன்று குறைந்தால் மிஞ்சுவது வெறும் கைதான்.

இந்த ஆட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. நான்கு பேர் கொண்ட பிரிவில் மூன்று பேர் விழுந்தாலும், மிஞ்சிய ஒருவர் அதே மூன்று பகடையோடுதான் சுடுவார். எனவே அடிபட்ட பிரிவு வலுவிழந்த பிரிவு அல்ல; எதிரிக்கு ஒரு பதக்கத்தைக் கையில் ஏந்தி நிற்கும் பிரிவு. அப்படி ஒற்றை வீரர் மிஞ்சியிருக்கும் பிரிவைப் பக்கத்துக் கட்டத்திலிருந்து மூன்று பகடையோடு தாக்கினால் எட்டுக்கு ஏழு முறை அவர் விழுந்துவிடுவார். காட்டுக்குள் இருந்தாலும் நான்குக்கு மூன்று. அவரைப் பின்னால் இழுத்து, ஒரு காட்டுக்கோ குன்றுக்கோ பின்புறம் பார்வைக்கோடு எட்டாத இடத்தில் நிறுத்த ஒரு முறையைச் செலவிடுவது பெரும்பாலும் நல்ல வணிகம். அனுபவம் இல்லாதவர் கடைசி வீரரையும் முன்னே ஓட்டி வீர மரணம் வாங்கிக் கொடுப்பார். நாலு பதக்கத்துக்கு ஆடும் ஆட்டத்தில் அப்படி ஓர் உணர்ச்சிவசப்பட்ட முடிவே தோல்விக்குப் போதும்.

பார்வைக்கோடு பற்றிய சண்டைகள்தான் மேசையில் அதிகம் வரும். சுடுபவரின் கட்ட மையத்திலிருந்து இலக்கின் கட்ட மையத்துக்கு ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். இடையில் காடு, ஊர், குன்று அல்லது யாருடைய படையாக இருந்தாலும் குறுக்கே வந்தால் பார்வை மறைகிறது. நூல் சரியாக இரண்டு கட்டங்களுக்கு இடையிலான விளிம்பில் ஓடினால், இரண்டு பக்கமும் மறைப்பு இருந்தால் மட்டுமே பார்வை மறையும். சொந்தப் படையும் மறைக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசையை அடுக்கி, பின்வரிசை சும்மா நிற்பதைப் பார்த்துப் பிறகு வருந்துவார்கள்.

கொடி விழுந்தால் தாக்கப்பட்ட பிரிவு தன் பக்கம் நோக்கி ஒரு கட்டம் பின்வாங்க வேண்டும். பின்வாங்க இடமில்லை என்றால் ஒரு வீரரை இழக்க வேண்டும். மூன்று பகடையில் ஒரு கொடியாவது விழும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பத்திரண்டு என்பதால் இது அபூர்வமாக நடப்பதல்ல. ஆகவே ஆற்றை முதுகில் வைத்து நிற்கவோ, சொந்தப் படைகளை இடைவெளியின்றிப் பின்னால் அடுக்கவோ கூடாது. தாக்குபவருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரே எதிரியைப் பல பிரிவுகள் தாக்கப்போகின்றன என்றால், முதல் தாக்குதலிலேயே கொடி விழுந்து எதிரி எட்டாத இடத்துக்கு ஓடிவிடக்கூடும். அதனால் வேறு இலக்கே இல்லாத பிரிவுகளை முதலில் சுட வைத்து, எங்கு ஓடினாலும் எட்டக்கூடிய பீரங்கியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலர் பீரங்கியை முதலில் முழங்க வைப்பது சினிமா பார்த்த பழக்கம். டாங்கி மட்டும் விதிவிலக்கு: பக்கத்துக் கட்டத்து எதிரியை அழித்தோ விரட்டியோ அந்தக் கட்டம் காலியானால், அது உள்ளே புகுந்து இன்னொரு முறை சண்டையிடலாம். அதனால் காலாட்படை சுட்டு ஒன்றிரண்டு வீரர்களாகக் குறைத்த பிரிவை டாங்கியை வைத்து முடித்தால் ஒரே முறையில் இரண்டு பதக்கம்கூட வரலாம்.

காடும் ஊரும் உள்ளே நுழைந்ததும் நிறுத்திவிடும். நுழைந்த முறையில் சுடவும் முடியாது. நெருங்குவதைத் திட்டமிடும்போது இந்த ஒரு முறை இழப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவர் இல்லாத மேசை

1824இல் பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக கியோர்க் ஃபான் ரைஸ்விட்ஸ் வகுத்த போர் ஆட்டத்தில் நடுவர் ஒருவர் இருந்தார். சண்டையின் விளைவைச் சொல்வதும் ஐயம் தீர்ப்பதும் அவர் வேலை. நம் மேசையில் அவர் இல்லை. விதியில் ஐயம் வந்தால் புத்தகத்தில் இரண்டு நிமிடம் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இருவரில் யார் சொல்வது சரி என்று ஒரு பகடை போட்டுத் தீர்த்துவிட்டு, அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்து வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தவறான விதியோடு முடிந்த ஆட்டம்கூட, சரியான விதியைத் தேடி நின்றுபோன ஆட்டத்தைவிட மேல்.

நகர்வைத் திரும்ப எடுப்பதைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பகடையை உருட்டும் வரை எதையும் மாற்றிக்கொள்ளலாம், உருட்டிய பின் எதையும் மாற்ற முடியாது என்பது எங்கள் குழுவின் வழக்கம். தட்டுக்கு வெளியே விழுந்த பகடை எப்போதும் மறுபடி உருட்டப்படும், அது எவ்வளவு நல்ல முகத்தைக் காட்டினாலும். பார்வையாளர்கள் யோசனை சொல்லக்கூடாது. சொல்லத் துடிப்பவருக்கு ஒரு பகுதியைக் கொடுத்து உட்கார வைத்துவிடுங்கள்: ஒரு தரப்பில் இருவர் இருந்தால் ஒருவர் இடப்பக்கத்தையும் மற்றவர் நடுவையும் வலப்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஆட்டம் முடிந்ததும் களத்தைக் கலைக்காமல் தொடக்க நிலைக்குத் திரும்ப அடுக்கி, நாற்காலியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஆட்டங்களிலும் எடுத்த பதக்கங்களைக் கூட்டி மொத்தத்தில் முன்னிற்பவரே அன்றைய வெற்றியாளர். பெகாசஸ் பாலத்தில் பிரிட்டிஷ் தரப்பில் 4-1 என்று வென்றவர், ஜெர்மானியத் தரப்பில் 2-4 என்று தோற்றாலும் 6-5 என்று முன்னிற்பார். தோற்றுக்கொண்டிருப்பவர்கூட ஒரு பதக்கமாவது எடுக்கப் போராடுவதால், கடைசி பத்து நிமிடம் சோர்ந்துபோவதில்லை.

இன்னொரு செய்தியும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போர் ஆட்டத்தில் ஒருவர் ஜெர்மானியத் தரப்பை எடுத்தே ஆக வேண்டும். அது களத்தின் தேவை மட்டுமே. கை உயர்த்தி வணக்கம் வைப்பது, அந்த ஆட்சியின் முழக்கங்களைச் சொல்லிச் சிரிப்பது போன்றவை மேசைக்கு வரக்கூடாது. குழுவில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருந்தால், ஷெல்லடி என்ற சொல் அவர்களுக்கு ஒரு பகடை முகம் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் குழுவில் ஒரு அண்ணா, குதிரைப்படையும் ஈட்டியும் உள்ள பண்டைக்கால ஆட்டம் என்றால் மகிழ்ச்சியோடு உட்காருவார். பீரங்கி உள்ள ஆட்டம் என்றால் தேநீர் போடப் போய்விடுவார். ஒரு முறை அதைக் கவனித்த பிறகு, அவர் வரும் நாட்களில் அதே வடிவமைப்பாளர் 2006இல் கொண்டு வந்த 'கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ்' பெட்டியைத்தான் நான் எடுத்துச் செல்கிறேன்.

அடுத்த படி

நான்கைந்து வாரம் ஆடி, பகடைக் கணக்கு கைக்கு வந்த இருவர் இருந்தால், 'அட்வான்ஸ்ட் ஸ்குவாட் லீடர்' பக்கம் போகலாம். ஜான் ஹில் வடிவமைத்து 1977இல் வந்த 'ஸ்குவாட் லீடர்' வளர்ந்து 1985இல் இந்த வடிவத்தை எடுத்தது. இதன் முழு விதித் தொகுப்பு வார இறுதிக்கானது அல்ல, ஆயுளுக்கானது. ஆனால் 2004 முதல் மல்ட்டி மேன் பப்ளிஷிங் வெளியிட்டுவரும் தொடக்கநிலைப் பெட்டிகள் வார இறுதிக்குள் அடங்கும். ஒரு கட்டம் 40 மீட்டர், ஒரு முறை இரண்டு நிமிடம், ஒரு சில்லு பத்துப் பேர் கொண்ட ஒரு குழு.

அந்தச் சில்லின் மேல் உள்ள மூன்று எண்களைப் படிக்கத் தெரிந்தால் தந்திரம் தானாக வரும். ஜெர்மானியக் குழு 4-6-7 என்றும் ரஷ்யக் குழு 4-4-7 என்றும் இருக்கும்: சுடும் வலு, எட்டும் தூரம், மன உறுதி. எட்டும் தூரத்தைத் தாண்டினால் வலு பாதியாகும். பக்கத்துக் கட்டத்தில் இரட்டிப்பாகும். இரு தரப்புக்கும் வலு நான்குதான் என்றாலும், ஐந்து ஆறு கட்டத் தொலைவில் ஜெர்மானியரின் நான்கு நான்காகவே இருக்க, ரஷ்யரின் நான்கு இரண்டாகிவிடுகிறது. அதனால் ஜெர்மானியத் தரப்பு இடைவெளியைக் காக்க வேண்டும், ரஷ்யத் தரப்பு இடைவெளியை மூட வேண்டும். இந்த ஒரே எண் மொத்த ஆட்டத்தின் போக்கையும் தீர்மானிக்கிறது.

மன உறுதிச் சோதனையில் இரண்டு பகடை உருட்டி, கூட்டுத்தொகை உறுதி எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ வர வேண்டும். ஏழு உள்ளவர் தேறும் வாய்ப்பு நூற்றுக்கு 58. எட்டு என்றால் 72. கூட நிற்கும் அதிகாரி சில்லில் '-1' இருந்தால் ஏழு உள்ளவரும் எட்டு உள்ளவரைப் போல நிற்பார். ஓர் அதிகாரியை எங்கே நிறுத்துவது என்று பத்து நிமிடம் யோசிப்பது அதனால்தான் நியாயம். புதியவருக்கு இங்கே சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்றுதான்: முறையின் தொடக்கத்தில், நகர்வுக்கு முன் நடக்கும் தயார்நிலைச் சூட்டில் சுட்ட குழு அந்த முறையில் நகராது, நகர்ந்து போய்ச் சுடும் குழுவின் வலு பாதியாகும். ஆகவே பாதிப் படை நின்று சுட, மறுபாதி நகர வேண்டும். எல்லோரும் சேர்ந்து ஓடினால் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்குத் திருவிழாதான்.

இதில் இரண்டு முறை ஆடுவதற்கு அன்று நேரம் இருக்காது. அப்போது பக்கம் மாற்றிய ஆட்டத்தை அடுத்த சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, அன்றைய முடிவை மட்டும் எழுதி வைக்கிறோம்.

மூடும் முன்

மெமாயர் 44 பெட்டியில் ஒரு தரப்புக்கு 42 வீரர்கள், 24 டாங்கிகள், 6 பீரங்கிகள். இந்த எண்களை மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதி வைத்து, கிளம்பும் முன் இருவரும் ஆளுக்கொரு படையை எண்ணிப் போடுங்கள். எண்ணி முடிக்க மூன்று நிமிடம் ஆகும். ஒருவர் குறைந்தால் முதலில் நாற்காலி மெத்தையின் இடுக்கையும், அடுத்ததாகத் தேநீர்த் தட்டையும் பாருங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வரிசையை மாற்றி, முதலில் குழந்தையின் கையைப் பாருங்கள்.